தண்ணீரைக் காணோம்

அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்சோல் திரையில் ஒரு பெரியவரின் தலை. நடுவே மூளை, மங்கலான சாம்பல் நிறத்தில். அதைச் சுற்றிக் கருப்புக் கோடாக மண்டையோடு. அதற்கும் வெளியே, ட்யூப்லைட்டை வளைத்து ஒட்டிய மாதிரி, கண்ணைக் கூசும் ஒரு வெள்ளைப் பிறை. அந்தப் பிறை வேறொன்றுமில்லை, தண்ணீர். எந்த மூளையைப் பார்ப்பதற்காக 3 டெஸ்லா காந்தத்துக்குள் ஒரு மனிதரைப் படுக்க வைத்திருக்கிறோமோ அது மங்கிக் கிடக்கிறது; தலைக்கு வெளியே ஊற்றி வைத்த தண்ணீர் ஜொலிக்கிறது. கல்யாணப் படத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் இருட்டில் நிற்க, பின்னால் வைத்த சீரியல் செட் மட்டும் பளிச்சென்று விழுந்த கதை.

எம்ஆர்ஐ இயந்திரம் எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று அதற்கு நிரல் எழுதுவது என் வேலை. எந்த ரேடியோ துடிப்பை எப்போது கொடுப்பது, எதிரொலியை எத்தனை மில்லிசெகண்ட் கழித்துக் கேட்பது என்று நாள் முழுக்க அதிலேயே கிடப்பவள். அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான், அல்ட்ராசவுண்டைக் குவித்து மூளைக்குள் ஒரு புள்ளியை மட்டும் சுட்டு, கை நடுக்கத்தை நிறுத்தும் சிகிச்சையை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. கத்தி இல்லை, மண்டையோட்டில் துளை இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அன்று படுத்திருந்தவர் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கை நடுங்கி நடுங்கி, காபிக் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பவே விடமாட்டாராம். காலையிலேயே தலையை மழித்து, நாலு திருகுகளோடு ஒரு சட்டத்தை மண்டையில் பூட்டியிருந்தார்கள். நீச்சல்காரர்களின் தொப்பி போல ஒரு ரப்பர் சவ்வு, நடுவில் ஓட்டையோடு, நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சவ்வுக்கும் தலையைச் சுற்றி வரும் அரைக்கோளக் கவசத்துக்கும் நடுவில்தான் குளிர்ந்த தண்ணீரை நிரப்புவார்கள். 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ள அரைக்கோளம் சுமார் 7 லிட்டர் பிடிக்கும். தலை அடைத்துக்கொள்ளும் இடம் போக மீதியெல்லாம் தண்ணீர். கவசத்தின் உள்பக்கம் 1024 அல்ட்ராசவுண்ட் தட்டுகள், எல்லாம் ஒரே புள்ளியைக் குறிபார்த்தபடி.

ஒவ்வொரு தடவை ஒலியைப் பாய்ச்சுவதற்கும் நடுவில் தண்ணீரைச் சுழல விட்டு மண்டைத்தோலைக் குளிரவைப்பார்கள். பாய்ச்சும்போது சுழற்சியை நிறுத்திவிட்டு, மூளையின் சூட்டை எம்ஆர்ஐ வழியாக அளந்துகொண்டே இருப்பார்கள். அன்று மூன்றாவதோ நான்காவதோ தடவை, சூட்டுப் படத்தில் இலக்குக்குக் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு பட்டை ஓடியது. அறுவை மருத்துவர் என் பக்கம் திரும்பி, "இது சூடா, இரைச்சலா?" என்று கேட்டார். இரைச்சல்தான். தண்ணீர் இன்னும் அலையடித்துக்கொண்டிருந்தது. அதன் நிழல்தான் மூளையின் மேல் விழுந்திருந்தது. "தண்ணீர் அடங்கட்டும்" என்றேன். அத்தனை பேரும் காத்திருந்தோம். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம், அறை நிறைய நிபுணர்கள், தலையில் திருகுகளோடு ஒரு தச்சர், எல்லாரும் குடத்துத் தண்ணீர் அலை ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடம் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை.

ஏன் தண்ணீர்

வயிற்று ஸ்கேனுக்குப் போனவர்களுக்கு அந்தச் சில்லென்ற ஜெல் நினைவிருக்கும். கருவிக்கும் தோலுக்கும் நடுவில் மயிரிழை அளவு காற்று இருந்தால் போதும், அல்ட்ராசவுண்டில் 99 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் ஜெல். தலைக்கும் இதே கதைதான், அளவுதான் பெரிது. 1024 தட்டுகளிலிருந்து கிளம்பும் ஒலி தலைக்குள் நுழைய இடையில் காற்றே இல்லாத ஒரு பாதை வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றையும் முன்கூட்டியே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலியழுத்தத்தில் அதுவே குமிழியாகிவிடும். அப்புறம் எலும்பு. ஒலியை நிறைய விழுங்கிச் சூடாவது அதுதான். உள்ளே ஒரு புள்ளி 55, 60 டிகிரிக்குப் போக வேண்டும், வெளியே தோல் வெந்துவிடக் கூடாது. அந்தக் காவல் வேலையும் தண்ணீருடையதே.

இந்த எலும்புதான் பல பத்தாண்டுகளாக வழியை மறித்துக்கொண்டு நின்றது. 1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃப்ரான்சிஸ் ஃப்ரை என்ற சகோதரர்கள் குவித்த அல்ட்ராசவுண்டால் மூளையின் ஆழத்தில் சிறு புள்ளிகளைச் சுட்டுக் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன்னால் மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாக வேண்டும். எலும்பைத் திறந்த பிறகு கத்தியில்லா சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? 1990-களின் கடைசியில் பாஸ்டனில் குல்லெர்வோ ஹைனினென், ஃபெரென்ட்ஸ் யோலெஸ் போன்றவர்கள், ஒலியைப் பல தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எலும்பைக் கடக்கும்போது எவ்வளவு பின்தங்கும் என்று கணக்கிட்டு அதைச் சரிக்கட்டிவிட்டால் எலும்பைத் திறக்கவே வேண்டாம் என்று காட்டினார்கள். அந்தக் கணக்குக்கு நோயாளியின் சிடி ஸ்கேன் போதும். 2009-இல் சூரிச்சிலிருந்து தீராத நரம்பு வலிக்கான முதல் முடிவுகள் வந்தன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஃப் எலியாஸ் குழு 2013-இல் நடுக்க நோயாளிகள் 15 பேரின் முடிவுகளையும், 2016-இல் 76 பேரை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வையும் வெளியிட்டது. கை நடுக்க மதிப்பெண் 18.1-இலிருந்து மூன்று மாதத்தில் 9.6-க்கு இறங்கியது; ஒப்புக்குச் செய்துவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு 16.0, 15.8 என்று அப்படியே நின்றது. அதே 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. நடை தள்ளாடுவது, மரத்துப்போவது போன்ற பக்கவிளைவுகள் மூன்றில் ஒருவருக்கு மேல் வந்தன, ஒரு வருடத்தில் பெரும்பாலும் குறைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இந்த வரலாற்றை எந்த மாநாட்டிலும் கேட்கலாம். எலும்பு, ஒலி, கணினி, மூளையின் ஆழத்தில் சுட வேண்டிய இடமான தலாமஸ் எல்லாம் வரும். தண்ணீர் வராது. மேடையில் எல்லாருக்கும் மாலை போட்டுவிட்டு மைக் செட்காரரை மறந்துவிடுகிற மாதிரி.

தண்ணீர் செய்கிற வேலைகள்

எம்ஆர்ஐ பார்ப்பது ஹைட்ரஜனை. தண்ணீர் என்றாலே ஹைட்ரஜன். அதாவது, நாங்கள் ஒலிக்காக ஊற்றிய திரவம் எங்கள் கேமராவுக்கு மிகவும் பிடித்த பொருள். மூளைத் திசுவின் சிக்னல் நூறு மில்லிசெகண்டுக்குள் தேய்ந்துவிடும். சுத்தமான தண்ணீரின் சிக்னலோ விநாடிக் கணக்கில் தாக்குப்பிடிக்கும். இலக்கைக் குறிப்பதற்காக எடுக்கிற டி2 படத்தில் (சிக்னல் மெதுவாகத் தேய்கிற பொருள் பளிச்சென்று தெரியும் படம் அது) தண்ணீர் ட்யூப்லைட்டாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

வெளிச்சமாக இருந்துவிட்டுப் போகட்டும், வெட்டி எறிந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. எம்ஆர்ஐ படம் கத்தரிக்கோலால் வெட்டுகிற காகிதம் அல்ல. நாம் குறித்த சட்டகத்துக்கு வெளியே இருக்கிற பொருளும் மடிந்து எதிர்ப்பக்கம் வந்து விழும். நெற்றிக்கு மேலே இருக்கும் தண்ணீர் பிடரிப் பக்கம் மூளையின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அது விழாமல் இருக்கச் சட்டகத்தைப் பெரிதாக்கினால் நேரம் போகும், அல்லது நுணுக்கம் போகும். ஆள் மூச்சு விட்டாலும் எச்சில் விழுங்கினாலும் தண்ணீர் அசையும். அசைகிற பொருள் அதே இடத்தில் பதியாமல், ஒரு திசையில் வரிசையாகப் பேய் உருவங்களைப் போட்டுக்கொண்டே போகும். எங்கள் ஆட்கள் இதைப் பேய் என்றேதான் சொல்வார்கள்.

போதாக்குறைக்கு, தலையைச் சுற்றிக் கவசம் இருப்பதால் தலையை ஒட்டி சிக்னலைக் கேட்கிற வழக்கமான ஆன்டெனாவை, அதாவது தலைக் காயிலை, மாட்ட இடம் கிடையாது. இயந்திரத்தின் சுவரில் பதித்த பெரிய காயிலை வைத்துத்தான் கேட்க வேண்டும். பக்கத்து அறையில் நின்றுகொண்டு இந்த அறையின் ரகசியத்தைக் கேட்பதைப் போல. கேட்க வேண்டியதும் கொஞ்சநஞ்ச விஷயம் அல்ல. மூளையின் சூட்டை அளப்பது எப்படியென்றால், திசு சூடாகும்போது அதிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அதிர்வெண் துளியளவு குறையும். ஒரு டிகிரிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு. 3 டெஸ்லாவில் மூல அதிர்வெண் சுமார் 12.8 கோடி ஹெர்ட்ஸ். அதில் ஒரு டிகிரிக்கு மாறுவது 1.28 ஹெர்ட்ஸ். 12.8 கோடியில் 1.28! இதை நம்பித்தான் ஒரு மருத்துவர், "போதும், நிறுத்து" என்றோ "இன்னும் கொஞ்சம்" என்றோ சொல்கிறார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உதட்டுக்கும் விரலுக்கும் உணர்ச்சி தருகிற பாதை ஓடுகிறது. அந்த 1.28 ஹெர்ட்ஸின் மேல்தான் தண்ணீரின் பேய் வந்து உட்கார்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ரேடியோ அலை தண்ணீருக்குள் புகுந்தால் சுருங்கும். காற்றில் 2 மீட்டருக்கு மேல் நீளமுள்ள எம்ஆர்ஐ அலை, தண்ணீரில் 26 சென்டிமீட்டராகிவிடும். கவசத்தின் அளவும் ஏறக்குறைய அதே. அலைகள் உள்ளுக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மூளைக்குக் குறுக்கே ஒரு கருப்புப் பட்டையைப் போட்டுவிடுகின்றன. என் முதல் படத்தில் மூளை அவ்வளவு மங்கலாக இருந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இரும்பா?

தண்ணீருக்குப் பதிலாக வேறு எதை ஊற்றலாம் என்று பலரும் யோசித்திருக்கிறார்கள். கனநீர் ஊற்றினால் அதில் சாதாரண ஹைட்ரஜன் இல்லை, படத்தில் தெரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் லிட்டர் லிட்டராகக் கனநீர் வாங்க எந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகும்? ஃப்ளோரின் கலந்த எண்ணெய் போன்ற திரவங்களில் ஒலியின் வேகம் தண்ணீரில் இருப்பதில் பாதிகூட வராது, சூட்டைக் கடத்துவதும் மட்டம். மாங்கனீசு உப்பைக் கரைக்கலாம், வேலை செய்யும். இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2019-இல் வர்ஜீனியாவில் ஒரு குழு வெளியிட்ட கட்டுரை கண்ணில் பட்டது. தண்ணீரில் மேக்னடைட் நானோ துகள்களைக் கலப்பது. மேக்னடைட் என்றால் காந்தக்கல். இரும்பு ஆக்சைடு.

மதியச் சாப்பாட்டு மேசையில் நான் அதைக் கேலி செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன், எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், அறைக்குள் இரும்பு கூடாது. ஹேர்பின், சில்லறை, சாவி எல்லாவற்றையும் கழற்று. ஆக்ஸிஜன் சிலிண்டர் பறந்துபோய்க் காந்தத்தில் ஒட்டிய படங்களைக் காட்டித்தான் பயிற்சியே தொடங்கும். நானே ஒருமுறை சட்டைப்பையில் மறந்த பேனா, குனிந்தபோது கிளம்பிப்போய் இயந்திரத்தில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வெலவெலத்திருக்கிறேன். அப்படிப்பட்ட அறையில், ஒரு மனிதரின் தலையைச் சுற்றி, லிட்டர் கணக்கில் இரும்புத் தண்ணீரா?

என் கேலிக்குச் சிரிக்காதவள் ஒருத்திதான். எங்கள் கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண், தமிழ்ப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கேட்டாள்: "அக்கா, பித்தக்குழாய் ஸ்கேனுக்கு முன்னாடி அன்னாசிப் பழச்சாறு குடுக்கறாங்களே, அது எதுக்கு?"

எனக்குத் தெரியும். அன்னாசிச் சாற்றில் மாங்கனீசு நிறைய. குடித்தால் வயிற்றிலும் சிறுகுடலிலும் உள்ள நீர் படத்தில் கருத்துப்போகும். அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் பித்தக்குழாய் பளிச்சென்று தெரியும். தண்ணீரை வெளியே எடுக்க வேண்டாம், வாயை மூட வைத்தால் போதும். அவள் விடவில்லை. 1990-களில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கலந்த பானத்தையே எம்ஆர்ஐக்கு முன் குடிக்கக் கொடுத்தார்களே, கல்லீரல் படத்துக்கு அதே துகளை ஊசியில் ஏற்றினார்களே, இன்றைக்கும் ரத்தசோகைக்கு ஒரு இரும்பு நானோ துகள் மருந்து நரம்பில் ஏறுகிறதே என்று அடுக்கினாள். எல்லாமே எனக்குத் தெரிந்தவைதான். தெரிந்திருந்தும், இரும்பு என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை கதவைச் சாத்திக்கொண்டது.

பறக்கிற சிலிண்டருக்கும் துகளுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அளவுதான். சுமார் 10 நானோமீட்டர் துகள். காந்தப் புலத்துக்கு வெளியே எடுத்தால் காந்தத்தன்மை நிலைக்காது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே பாலிமர் பூச்சு. காந்தம் ஒரு பொருளை இழுக்க வேண்டுமென்றால் புலம் ஓரிடத்தில் அதிகமாகவும் பக்கத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். இயந்திரத்தின் நடுவில் அது சமமாக இருக்கிறது. இருக்கிற சிறு இழுப்பையும் தண்ணீர் மூலக்கூறுகளின் தள்ளுமுள்ளு மீறவிடாது. ஒலியைப் பொறுத்தவரை துகள் இருப்பதே தெரியாது. 650 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 2.3 மில்லிமீட்டர். துகள் அதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஹைட்ரஜனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றிப் புலத்தை லேசாகக் கோணலாக்குகிறது. ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்த கூட்டம், ஆளுக்கொரு சுருதிக்கு இழுக்கப்பட்டால் என்ன ஆகும்? சில மில்லிசெகண்டில் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். நாங்கள் எதிரொலியைக் கேட்கக் காதை வைக்கும்போது தண்ணீர் பாடி முடித்திருக்கும்.

காகிதத்தில் எல்லாம் சரி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்று பாட்டில்கள்

ஒரு சனிக்கிழமை. வார நாட்களில் ஆய்வுக்கான இயந்திரம் கிடைக்காது. அவள் மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களோடு வந்தாள். முதலில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் மாங்கனீசு உப்பு, அதுவும் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது. மூன்றாவது, டிகாஷன். அசல் ஃபில்டர் டிகாஷன் நிறம்; வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் மட்டும் செம்பழுப்பு. லிட்டருக்கு எவ்வளவு இரும்பு என்று கேட்டேன். சில நூறு மில்லிகிராம் என்றாள். அவ்வளவுதானா என்று இருந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு காந்த அறையின் வாசலில் நான் நின்றுவிட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பழக்கம் அப்படி. இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை வலது கையில் இறுக்கி, ஓரடி ஓரடியாகப் போனேன். துளைவாய்க்குப் பக்கத்தில், புலம் சட்டென்று ஏறுகிற இடத்தில், கை தானாகவே கெட்டிப்பட்டது. எதுவும் நடக்கவில்லை. ஓர் இழுப்பு, ஒரு சிலிர்ப்பு, எதுவும் இல்லை. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன், உள்ளே திரவம் எந்தப் பக்கமும் திரண்டு ஒதுங்கவில்லை. மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

டி2 படம் முதலில். திரையில் வரி வரியாக விழுந்தது. இடது ஓரத்தில் வெள்ளை வட்டம், வெறும் தண்ணீர். நடுவில் கருத்த சாம்பலாக ஒரு வட்டம், மாங்கனீசு. வலது ஓரத்தில் ஒன்றுமில்லை. சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது என்று நினைத்து மௌஸை எடுத்தேன். அவள் எனக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, பாட்டிலைக் காணோம்!"

கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். மேசையில், வைத்த இடத்திலேயே, கருப்பாக நின்றுகொண்டிருந்தது. திரையில் அந்த இடம் காற்று. இருபது வருடமாக இந்த இயந்திரத்தின் முன்னால் உட்காருகிறேன். இரும்பு என்றால் படத்தைக் கிழிக்கிற பொருள். பல் கம்பி போட்டவரின் படத்தில் பாதி முகம் கருத்த குழியாகிப் போவதைத் தினம் பார்த்திருக்கிறேன். அதே கருப்பைத் தேவையான இடத்தில் ஊற்றி வைக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இரும்பு படத்தைக் கெடுக்கிறது என்பது சரி, எந்தப் படத்தை என்று நான் கேட்டதில்லை.

உடனே கைதட்டவும் முடியவில்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் இருந்த மாங்கனீசு வட்டத்தின் வலது விளிம்பு லேசாக உள்வாங்கியிருந்தது. கருப்புப் பாட்டில் தன் எல்லைக்கு வெளியேயும் புலத்தை வளைத்திருக்கிறது. தலையைச் சுற்றி இதை நிரப்பினால் வளைவு மூளைக்குள் போகும். அளவைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, சாயங்காலம் வரை அதே வேலை. குழம்புக்கு உப்புப் பார்ப்பது போல ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து ருசி பார்த்தோம். தண்ணீர் அடங்கவும் வேண்டும், பக்கத்து விளிம்பு கோணாமலும் இருக்க வேண்டும். நடுவில் ஒரு அளவு கிடைத்தது. அந்தக் கலவையை ஒரு தொட்டியில் ஊற்றி, நடுவில் மூளைக்குப் பதிலாக ஒரு ஜெல் உருண்டையை வைத்து, வேண்டுமென்றே தொட்டியைக் கலக்கிவிட்டுச் சூட்டுப் படம் எடுத்தோம். தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. படத்தில் பேய் இல்லை. அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு நினைவுக்கு வந்தது. இனி அலை அடங்கக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஜெல்லுக்குக் குறுக்கே அந்தக் கருப்புப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும். ரேடியோ அலையைச் சுருக்குவது தண்ணீர், அதன் சிக்னல் அல்ல. வாயை மூட வைத்தோமே தவிர ஆள் அங்கேயேதான் இருக்கிறார். இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு 'எம்ஆர்ஐ பிரச்சினை தீர்ந்தது' என்று உற்சாகப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது இந்தப் பட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

குமிழி

அப்புறம் பல மாதம் நான் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். மதம் மாறியவருக்குப் பக்தி அதிகம் என்பார்களே, அந்தக் கதை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பாட்டில் காணாமல் போன கதையைச் சொன்னேன். துகள்கள் மாதக்கணக்கில் படியாமல் மிதக்குமா, காற்றை உறிஞ்சி எடுக்கும் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளுமா, ஒலியழுத்தத்தில் துகளைப் பிடித்துக்கொண்டு குமிழி பிறக்குமா, கசிந்து நோயாளியின் கண்ணில் பட்டால் என்ன என்றெல்லாம் கேட்பார்கள். கேள்விகள் நியாயம்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று பதில் வைத்திருந்தேன்.

பதில் இல்லாத கேள்வி, இயந்திரத்தை இயக்கும் டெக்னாலஜிஸ்ட் ஒருவரிடமிருந்து வந்தது. பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி என்பதும் வேண்டாம். இந்தச் சிகிச்சையை என்னைவிட எத்தனையோ மடங்கு கூடுதலாகப் பார்த்தவர். ஒரு நாள் காலை, நோயாளி படுத்து, தண்ணீர் நிரம்பி, முதல் படம் வந்திருந்தது. அதே ட்யூப்லைட் பிறை. நான் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூளைப் பக்கமே திரும்பவில்லை. பிறையை மட்டும் ஒவ்வொரு துண்டமாக உருட்டிப் பார்த்துக்கொண்டு போனார். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஓரிடத்தில் நிறுத்தி, பேனா நுனியால் தொட்டுக் காட்டினார். வெள்ளைத் தண்ணீரில், தோலை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. காற்றுக் குமிழி. நாங்கள் நிரப்பும்போது மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் ஒலியைப் பாய்ச்சியிருந்தால் அந்த இடத்துத் தோலுக்குச் சூடு விழுந்திருக்கலாம். தண்ணீரை வடித்து, தலையைத் துடைத்து, மறுபடி நிரப்பினார்கள்.

நிரம்பிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைப் பார்த்து, கோபமில்லாமல்தான், கேட்டார்: "உங்கள் கருப்புத் தண்ணீரில் இது தெரியுமா?"

தெரியாது. கருப்பில் கருப்பு எப்படித் தெரியும்? படத்தில் மட்டுமல்ல, டிகாஷன் நிறத் திரவத்தில் கண்ணாலும் தெரியாது. நான் சிரித்த அந்த வெள்ளைப் பிறையை அவர் இத்தனை வருடமாக ஒரு கருவியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதலில் வெறும் தண்ணீரை நிரப்பிக் குமிழி பார்க்கலாம், அது சுத்தம் என்று தெரிந்த பிறகு துகள் கரைசலைச் சுழற்சியில் சேர்த்துவிடலாம் என்றேன். சேர்க்கும்போது புதுக் குமிழி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வழி செய்யலாம். அவர் தலையாட்டினார். எவ்வளவு நேரம் கூடும் என்று கேட்டார். கலந்து, சமமாகப் பரவ விட்டு, மறுபடி ஒரு படம் எடுக்க, பதினைந்து நிமிடம் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலால் தன் நெற்றியில், சட்டத்தின் திருகு இறங்குகிற இடத்தில், இரண்டு தடவை தட்டிக் காட்டிவிட்டுக் கன்சோல் பக்கம் திரும்பிக்கொண்டார்.